தங்கப்பூவும் மூணாவது சாமானும்

சர்ர்ர்ர்... டொப்.

கேட்டுச்சா? பயப்படாதே கண்ணு, அது நம்ம வீட்டுல இல்லை, கதைக்குள்ளே. தலையணையில தலையை வை. கால் ரெண்டும் போர்வைக்குள்ளே போகட்டும். ஆங், அப்படித்தான்.

ஒரு ஊர்ல, ஊர் முடிஞ்சு உப்பளம் ஆரம்பிக்கிற இடத்துல, ஒரு மந்திரக்காரி இருந்தா. பேரு தங்கப்பூ. பெரிய மந்திரக்காரின்னு நினைச்சுக்காதே. போன வாரம்தான் மந்திரப் பள்ளிக்கூடத்துல பாஸ் பண்ணி, கூம்புத் தொப்பி வாங்கியிருந்தா. கறுப்புத் தொப்பி, முன்னாடி ரெண்டு வெள்ளிக் கண்ணு வச்சுத் தைச்சது. அவளுக்கு அது ரெண்டு சைஸ் பெருசு. குனிஞ்சா மூக்கு வரைக்கும் வந்துடும். வீட்டுக்கு வந்ததும் கழட்டி, கதவுக்கு எதிரே ஆணியில மாட்டிடுவா.

அவ வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கயித்தால கட்டி வச்சிருப்பா. விளக்கை அணைச்சா போதும், வெளியே சர்ர்ர்ர்... டொப். சர்ர்ர்ர்... டொப். வீட்டைச் சுத்தி வரும். அப்புறம் கயிறு பட்டுனு அறும். கதவு கிரீ...ச். அடுப்பங்கரையில களக் களக் களக்னு யாரோ குடிக்கிற சத்தம். தங்கப்பூ தன் குட்டை ஆடு ஜிமிக்கியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, போர்வைக்குள்ளே மூச்சு விடாம கிடப்பா. விடிஞ்சு பார்த்தா கஞ்சிப் பானை காலி.

மந்திரக்காரி பயப்படலாமா? வெளியே தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்களா? அதனால யார்கிட்டேயும் அவ சொல்லலை. ம் சொல்லு.

ம்.

அப்போ, புதுசா தொப்பி வாங்கினவங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூம்ல ஒரு மந்திர சாமான் கொடுப்பாங்க. பிடிக்கலைன்னா ரெண்டு தடவை மாத்திக்கலாம். மூணாவதா எடுக்கிறது ஆயுசுக்கும். அப்புறம் அழுதாலும் மாத்த மாட்டாங்க.

ஸ்டோர் ரூம் சாவி பெரிய மிஸ் இடுப்புல தொங்கும். அந்தம்மாகிட்ட சும்மா சாமானைக் காட்டி "இது"ன்னு சொன்னா ஆகாது. "எதுக்கு வேணும்? முழு வாக்கியமா சொல்லு"ம்பாங்க. ஏன்னா, அந்த வாக்கியத்துல என்ன சொல்றோமோ அதைத்தான் சாமான் செய்யும். நூல் அளவு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

தங்கப்பூ வரிசையில நின்னா. அவளுக்குப் பின்னாடி புஷ்பநாதன், அவ கூடப் படிச்சவன். வாய் கொஞ்சம் நீளம்.

"தங்கப்பூ, உனக்கு எதுக்கு மந்திரக்கோல்? பல் குத்தவா?"

அவன் காதுல விழுற மாதிரி உண்மையைச் சொல்ல முடியுமா? அவ நெஞ்சை நிமித்திக்கிட்டு, "என் முன்னாடி இருக்கிறதெல்லாம் நடுங்கணும், மிஸ்"ன்னா. மந்திரக்கோல் கைக்கு வந்துச்சு.

ராத்திரி வந்துச்சு. சர்ர்ர்ர்... டொப். தங்கப்பூ கோலைத் தூக்கினா. முன்னாடி என்ன இருந்துச்சு? கட்டில் இருந்துச்சு, கடகடகட. பானை இருந்துச்சு, லொடலொடலொட. ஜிமிக்கி இருந்துச்சு, "மே-மே-மே-மே"ன்னுச்சு. ஆணியில தொப்பியும் இப்படி அப்படி ஆடுச்சு. கதவு கிரீ...ச்னு திறந்துச்சு. உடனே யாரோ, "ஐயையோ, அது ஆடுது"ன்னு கத்திட்டு ஓடுற சத்தம். ஓடுற ஓட்டத்துலயும் கஞ்சியைக் குடிச்சுட்டுத்தான் ஓடுச்சு.

விடியற வரைக்கும் வீடே நடுங்கிச்சு. மறுநாள் ஜிமிக்கிகிட்டப் பால் கறந்தா மோரா வந்துச்சு. சிரிக்காதே, ஆடு பாவம்.

அப்புறம் ரெண்டாவது சாமான். ஒரு சால்வை. "எதுக்கு?"ன்னாங்க பெரிய மிஸ்.

"என்னையும் என் பொருளையும் யாரும் பார்க்கக் கூடாது, மிஸ்."

அன்னைக்கு ராத்திரி தொப்பியைத் தலையில போட்டுக்கிட்டு, ஜிமிக்கியை இடுக்கிக்கிட்டு, சால்வையைப் போத்திக் கட்டில்ல படுத்தா. மூணு பேரும் மாயம். சர்ர்ர்ர்... டொப். கிரீ...ச். களக் களக் களக். அப்புறம் ஒரு குரல், "அப்பாடா. இன்னைக்கு அது இல்லை"ன்னுச்சு. சொல்லிட்டு, காலிக் கட்டில்னு நினைச்சு, தங்கப்பூ மேலேயே பொத்துனு படுத்துடுச்சு. கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்.

கத்தவும் முடியலை, நகரவும் முடியலை. கோழி கூவினதும் அது எழுந்து போயிடுச்சு. தங்கப்பூ எழுந்தா அப்பளமாட்டம் இருந்தா. தூங்கிட்டியா?

ம்ஹூம்.

சரி. இப்போ மூணாவது சாமான். ஆயுசுக்கும் அதுதான். ஸ்டோர் ரூம் வாசல்ல எல்லாரும் வேடிக்கை பார்க்க நிக்கறாங்க. தங்கப்பூ கண்ணுல தூக்கமே இல்லாம ரெண்டும் கோவைப்பழம். பெரிய மிஸ், "எதுக்கு? முழு வாக்கியம்"ன்னாங்க.

தங்கப்பூ பறக்கிற பாயைப் பார்த்தா. பேசுற கண்ணாடியைப் பார்த்தா. அப்புறம் தரையைப் பார்த்தா. தொப்பி மூக்கு வரைக்கும் இறங்கிடுச்சு. அந்தத் தொப்பிக்குள்ளேயிருந்தே சொன்னா:

"ராத்திரியில எனக்குப் பயமா இருக்கு, மிஸ். பயப்படுறவங்க எல்லாம் உள்ளே இருக்கணும், பயமுறுத்துறது வெளியே இருக்கணும், கதவு சாத்தினது சாத்தினபடி இருக்கணும்."

பெரிய மிஸ் அடித்தட்டுல கையை விட்டு, துரு பிடிச்ச இரும்புத் தாழ்ப்பாள் ஒண்ணை எடுத்துக் கொடுத்தாங்க.

புஷ்பநாதன், "ஆயுசுக்கும் தாழ்ப்பாளா?"ன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான்.

"நீ வாங்கிட்டுப் போன மின்னல் குடை எப்படி இருக்குப்பா?"ன்னு கேட்டாங்க மிஸ்.

அவன் சிரிப்பு நின்னுடுச்சு. பாதித் தலைமுடி பொசுங்கிப் போயிருந்துச்சு. "மின்னல் வரணும்னு மட்டும் சொல்லிட்டேன் மிஸ். எங்கே வரணும்னு சொல்லலை."

தங்கப்பூ தாழ்ப்பாளைக் கொண்டுபோய் டொக் டொக்குனு கதவுல அடிச்சா. விளக்கை அணைக்கிறதுக்கு முன்னாடி தள்ளிப் பார்த்தா. நகரலை. எண்ணெய் விட்டா. நகரலை. முட்டி போட்டுத் தள்ளினா. ம்ஹூம். மாத்தவும் முடியாது. அழுகையே வந்துடுச்சு.

"பயப்படுறவங்க எல்லாம் உள்ளேதானே இருக்கோம்? நான் இருக்கேன். ஜிமிக்கி இருக்கா. இன்னும் யாரு பாக்கி?"

அப்போ வெளியே, சர்ர்ர்ர்... டொப். அதோட, சுர்ர்ர்னு ஒரு மூக்குறிஞ்சல்.

தங்கப்பூ கதவைத் துளியூண்டு திறந்து பார்த்தா. வாசல்ல ஒரு பூதம். அவ இடுப்பு உயரம்தான். அதைவிடப் பெரிய பஞ்சுத் தலையணை ஒண்ணை இழுத்துக்கிட்டு நிக்குது. சர்ர்ர்ர்னு இழுக்கும், டொப்புனு கீழே போடும். மூக்கு ஒழுகுது.

"கஞ்சியெல்லாம் நீதான் குடிச்சியா?"

"பயந்தா எனக்குப் பசிக்கும்."

"எனக்கும்தான். எதுக்குப் பயம்?"

"வெளியே இருட்டு. உள்ளே வந்து படுக்கலாம்னா, உள்ளே அது இருக்கு"ன்னு பூதம் அவ தோளுக்குப் பின்னாடி விரலைக் காட்டுச்சு. ஆணியில கறுப்புத் தொப்பி, வெள்ளிக் கண்ணு ரெண்டும் பளிச் பளிச். "என்னையே பார்க்குது."

தங்கப்பூவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அதை அடக்கிக்கிட்டா. நம்ம பயத்தைப் பார்த்து யாராவது சிரிச்சா எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாதா?

"வா உள்ளே. தலையணையை ஒருக்களிச்சு எடுத்துட்டு வா"ன்னா.

பூதம் உள்ளே வந்துச்சு. தாழ்ப்பாளைத் தள்ளினா. பாதி நகர்ந்து நின்னுடுச்சு.

அப்போ தங்கப்பூ அவ சொன்ன வாக்கியத்தை இன்னொரு தடவை நினைச்சுப் பார்த்தா. போய் ஆணியிலேருந்து தொப்பியை எடுத்தா. வாசப்படியில வெளியே வச்சா. "ராத்திரிக்கு மட்டும் நீ இங்கேயே காவல் இரு"ன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினா.

டக்.

தாழ்ப்பாள் தானாவே விழுந்துடுச்சு. ஜிமிக்கி ஒரு பக்கம், பூதம் ஒரு பக்கம், நடுவுல தங்கப்பூ. பெரிய தலையணை, மூணு பேருக்கும் போதும். கொர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... மே.

கதை படுத்துடுச்சு, நீயும் படு தங்கம்.

எங்கேயும் போகலைடா. நம்ம கதவை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுறேன்.

டக். போட்டாச்சு. தூங்கு.