நடந்து வந்தவனும் தூக்கி வரப்பட்டவளும்

பூவிலங்காடு என்றொரு நாடு முன்னே இருந்தது. இன்றைக்குத் தேடினால் கிடைக்காது. அதைக் கனகாங்கதன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். ஆள் நல்லவன்தான், புத்திதான் காற்றடிக்கும் பக்கம் சாயும். ஒரு வாரம் ஊரெல்லாம் சிவப்புக் குடை பிடிக்கச் சொன்னான். மறுவாரம் குடை பிடித்தவனுக்கெல்லாம் அபராதம் போட்டான்.

அவன் தாத்தா காலத்திலிருந்து கோட்டைவாசலில் ஒரு கஞ்சிச்சாலை உண்டு. அங்கே கடைசிப் பசிக்காரர் உண்டு கைகழுவியதும் கஞ்சி காய்ச்சுகிறவள் முரசு அடிக்க வேண்டும். அது கேட்ட பிறகுதான் அரண்மனையில் ராஜாவுக்கு இலை போடுவார்கள். இந்த வழக்கத்தை மீறி முந்திச் சாப்பிட்ட ராஜாவின் சித்தப்பாவுக்கு ஏழு நாள் விக்கல் நிற்கவில்லை. அதனால் யாரும் அதில் விளையாடுவதில்லை.

அப்போது கஞ்சி காய்ச்சியவள் சடைச்சி. நாற்பது வயது, கனத்த கை, கூர்மையான நாக்கு. ஜனங்கள் அவளை வாயார வாழ்த்துவார்கள். அந்த வாழ்த்து களஞ்சிய அதிகாரி நீலமேகருக்கு ஆகவில்லை. அரிசி தன் களஞ்சியத்தது, புண்ணியம் இவளுக்கா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சபையில் எழுந்தார். "பிரபு, கஞ்சிச்சாலையில் சோம்பேறிகள் பெருத்துவிட்டார்கள். உண்மையான ஏழைக்கு மட்டும் கஞ்சி என்று சீர்திருத்துவோம். இரண்டே விதி போதும். நடந்து வருகிறவனுக்கு உழைக்கத் தெம்பிருக்கிறது, அவனுக்குக் கிடையாது. பிறர் தூக்கி வருகிறவனுக்குத் தாங்க ஆளிருக்கிறது, அவனுக்கும் கிடையாது."

"பேஷ்! கேட்கவே நியாயமாக இருக்கிறதே!" என்று ராஜா முத்திரை வைத்தான்.

மறுநாள் காலை வாசலில் இரண்டு காவலர் நின்றார்கள். முழங்கால் வீங்கிய குயவன் மாடக்கண்ணு கோலூன்றி வந்தான். நடந்து வந்ததால் திருப்பிவிட்டார்கள். பிள்ளை பெற்று ஜன்னியில் கிடந்த பேச்சியை அக்கம்பக்கத்தார் நாலுபேர் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். தாங்க ஆளிருப்பதாகச் சொல்லி அவளையும் திருப்பினார்கள். உச்சிவேளைக்குள் ஐம்பது பேர் போய்விட்டார்கள். நிறைந்த பானைக்கு முன்னால் நின்ற சடைச்சிக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. பேச்சிக்கு இன்று கஞ்சி இறங்காவிட்டால் பிள்ளைக்கும் பால் இல்லை, அது அவளுக்குத் தெரியும். அழுது பயனில்லை என்றும் தெரியும். அகப்பையைக் கீழே வைத்தாள், முரசுக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரண்மனையில் நீலமேகர் குதித்துக்கொண்டிருந்தார். "பிரபு, கஞ்சிச்சாலை காலி! நாட்டில் ஏழையே இல்லை! நாளைக்கே இழுத்து மூடிவிடலாம்!"

ராஜா மகிழ்ந்து மணையில் அமர்ந்தான். வாழைக்காய் வறுவல் மணக்கிறது, நெய் உருகுகிறது, முரசைத்தான் காணோம். ஒரு நாழிகை போயிற்று, இரண்டு நாழிகை போயிற்று. பொறுக்கமாட்டாமல் சடைச்சியைக் கூப்பிட்டனுப்பினான்.

"ஏ சடைச்சி, முரசு என்னாயிற்று?"

"மகாராசா, கடைசிப் பசிக்காரர் கை கழுவினப்புறம்தான் அடிக்கணும். இன்னிக்கு யாருமே கை நனைக்கலையே, நான் எப்படி அடிப்பேன்?"

"பசித்தவரே இல்லை என்று அர்த்தம். அடி முரசை!" என்று சீறினார் நீலமேகர்.

"அடிக்கிறேனுங்க. நாளைக்கு மகாராசாவுக்கு விக்கல் வந்தா நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீங்களா?"

நீலமேகர் இரண்டடி பின்வாங்கித் தூணோரம் போய் நின்றார். ராஜாவுக்குப் பசி காதை அடைத்தது. "பசித்தவன் ஒருவன் உண்ண வேண்டும், அவ்வளவுதானே? இதோ நான் பசித்திருக்கிறேன். எனக்கே ஊற்று!"

"தாராளமா வாங்க மகாராசா. வாசல்ல மட்டும் கேள்வி கேட்பாங்க."

ராஜா விறுவிறுவென்று கோட்டைவாசலுக்கு நடந்து போனான். சடைச்சியும் நீலமேகரும் பின்னாலேயே போனார்கள். காவலன் குனிந்து கும்பிட்டான். ஆனாலும் முத்திரை வைத்த ஆணையாயிற்றே. "மகாராஜா நடந்து வந்திருக்கிறீர்கள். தெம்பிருக்கிறது. கஞ்சி கிடையாது" என்று ஒப்பித்தான்.

ராஜா திரும்பிப் போய்ப் பல்லக்கில் வந்தான்.

"தூக்க நாலு ஆள் இருக்கிறது. கஞ்சி கிடையாது."

"அடேய், நடந்தும் வரக்கூடாது, தூக்கியும் வரக்கூடாது என்றால் பசித்தவன் எப்படித்தான் உள்ளே வருவான்?"

"மகாராசா, காலையிலேருந்து இந்த வாசல்ல வந்தவங்கெல்லாம் அதைத்தான் கேட்டுட்டிருந்தாங்க" என்றாள் சடைச்சி. "அவங்களுக்குப் பதில் சொல்ல ஆளில்லை."

ராஜாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. உடனே பேச்சி வீட்டுக்கும் மாடக்கண்ணு வீட்டுக்கும் கஞ்சி போயிற்று. மற்றவர்களையும் ஆள் விட்டுக் கூட்டிவந்தார்கள். கடைசி ஆள் கைகழுவியதும் சடைச்சி முரசை அடித்தாள்.

நீலமேகர் அப்போதும் விடவில்லை. "ஏமாற்றுக்காரன் ஒருவன் வந்து குடித்துவிட்டால், பிரபு?"

"வருவான், இல்லேங்கலை" என்றாள் சடைச்சி. "வீட்டுல சோறு இருக்கிறவன் இந்த வெயில்ல நின்னு என் உப்புக்கஞ்சியக் குடிச்சா, குடிச்சிட்டுப் போகட்டும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா?"

ராஜா வாய்விட்டுச் சிரித்தான். இனிக் கஞ்சிச்சாலையைப் பற்றி எந்த ஆணையும் சடைச்சி சம்மதம் இல்லாமல் வரக்கூடாது என்று அங்கேயே அறிவித்தான். பிறகு அதிகாரியிடம் திரும்பினான்.

"நீலமேகரே, உமது சந்தேகமும் வீண்போக வேண்டாம். நாளை முதல் வாசலில் நீரே நின்று விசாரியும். யாரை வேண்டுமானாலும் திருப்பி அனுப்பும். ஒன்று மட்டும்: நீர் திருப்பியவன் எங்கேயாவது சாப்பிட்டான் என்று தெரியும்வரை உமக்கும் சாப்பாடு கிடையாது."

முதல் நாள் நீலமேகர் ஒரே ஒருவனைத் திருப்பினார். அவன் சாப்பிட்டானா என்று மூன்று தெரு அலைந்து, அஸ்தமன வேளையில் ஒரு குளத்தங்கரையில் அவனைக் கண்டுபிடித்துக் கஞ்சிச்சாலைக்குக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். மறுநாளிலிருந்து உச்சிவேளையானால் அவர், எவனாவது பசியோடு போய்விட்டானோ என்ற பயத்தில் நடுத்தெருவில் நின்று, போகிற வருகிறவரையெல்லாம், "ஐயா, சாப்பிட்டாயிற்றா? நிஜமாகவே சாப்பிட்டாயிற்றா?" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்.