நிற்காத என்ஜின்

மேட்டுப்பாளையத்தில், மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில், ஜெசிந்தா பழைய கார்களைச் சீரமைக்கும் பட்டறை வைத்திருந்தாள். வேலுமயில் அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். பஸ் டெப்போவில் டீசல் என்ஜினோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். பெட்ரோல் என்ஜினையும் படித்துவிட வேண்டும் என்ற ஆசையில் வந்து சேர்ந்திருந்தார். வயதில் அவள் ரொம்பவே இளையவள். ஆனாலும் அவர் அவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணா என்பாள்.

அந்தச் சிவப்புக் கார்தான் அவர் தனியாகப் பொறுப்பெடுத்த முதல் வண்டி. எட்டு சிலிண்டர் வைத்த பழைய அமெரிக்க மஸில் கார். குன்னூர் போஜனின் அப்பா ஓட்டியது. அவர் போன பிறகு ஷெட்டிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. தகர வேலை, பெயின்ட், பிரேக் எல்லாம் முடிந்துவிட்டன. என்ஜின் மட்டும் படுத்தியது. பட்டறையை விட்டுக் கிளம்பும்போது நன்றாகத்தான் போகும். கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும் இருமும், அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

வேலுமயில், பிளக்குக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கும் காயிலை மாற்றினார். அதோடு சேர்ந்த கண்டென்சரை மாற்றினார். பெட்ரோல் பம்பையும் மாற்றினார். அன்று காலையில் பட்டறை ஷெட்டிலேயே என்ஜினை ஓடவிட்டார். வெயில் ஏறியும் நிற்கவில்லை. போஜனுக்குப் போன் போட்டு, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கோயம்புத்தூர் போயிருந்த ஜெசிந்தா திரும்பி வந்து, என்ஜின் சத்தத்தை நின்று கேட்டாள்.

“என்ன கோளாறுங்கண்ணா?”

“சரியாயிருச்சுங்க மேஸ்திரி.”

“அது காதுல விழுது. கோளாறு என்னன்னு கேட்டேன்.”

“மூணு சாமான் மாத்தினேனுங்க. மூணுல ஒண்ணாத்தான் இருக்கும்.”

“எது?”

வேலுமயிலுக்குச் சுருக்கென்றது.

“நல்லா ஓடற வண்டியில எதுக்குங்க கோளாறைத் தேடணும்?”

ஜெசிந்தா என்ஜினை அணைத்தாள். ஸ்பேனரை எடுத்துப் புதுக் காயிலைக் கழற்றினாள். மூலையில் கழித்துப் போட்டிருந்த பழைய காயிலைத் துடைத்து, அதே இடத்தில் மாட்டினாள்.

“மேஸ்திரி, அவங்க வர்ற நேரமுங்க.”

“கண்டென்சர் எங்க?”

அதையும் எடுத்துக் கொடுத்தார். அவள் மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. போஜன் இறங்கினார். கூடவே மனைவியும் சின்ன மகளும். கார் வருகிறதென்று குன்னூரில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். திறந்து கிடந்த பானெட்டைப் பார்த்ததும் போஜனின் முகம் மாறியது.

“ரெடின்னு சொன்னீங்களே. இப்ப எதுக்குக் கழட்டறீங்க?”

வேலுமயில் தலையைக் குனிந்துகொண்டார். ஜெசிந்தா பழைய பம்பை அவர் கையில் கொடுத்தாள்.

“இதை நீங்களே மாட்டிருங்கண்ணா.”

தன் வேலையைத் தன் கையாலேயே பிரிக்கிறோமே என்று அவருக்கு உள்ளே எரிந்தது. ஒரு போல்ட் கை நழுவிக் கீழே விழுந்தது. மாட்டி முடித்துச் சாவியைத் திருப்பினார்.

என்ஜின் ஓடியது. நிற்கும் நிற்கும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ரேடியேட்டர் சூடேறியது, ஷெட் முழுக்கப் புகை வாசம் ஏறியது. என்ஜின் சீராக ஓடிக்கொண்டே இருந்தது.

போஜன் மூச்சு விட்டார். “நல்லாத்தானே ஓடுது. கிளம்பலாங்களா?”

வேலுமயிலுக்கும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. உள்ளே இருப்பவை பழைய சாமான்கள். மூன்றில் ஒன்று கெட்டதென்றால் வண்டி இந்நேரம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அப்படியானால் மூன்றுமே நல்லவை. கெட்டது எதுவோ, அது இன்னும் வண்டிக்குள்தான் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் என்ஜின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இறுகிவிடும். பின்னால் பஸ் வரும். அந்தக் குழந்தை பின்சீட்டில் இருக்கும்.

“வேண்டாமுங்க. வண்டி இன்னும் ரெடியாகலீங்க” என்றார்.

போஜன் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெசிந்தா தாழ்ந்த குரலில் கேட்டாள். “ரோட்டுல போறப்ப ஏதோ ஒண்ணு வண்டியோட இருந்துச்சு, இங்க இல்ல. என்னதுங்கண்ணா அது?”

வேலுமயில் காரைச் சுற்றி வந்தார். என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல்மேல் பெட்ரோல் கேன் இருந்தது. பம்பைக் கழற்றியபோது டேங்க் குழாயைப் பிரித்துவிட்டுக் கேனிலிருந்து பெட்ரோல் கொடுத்திருந்தார். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டார். காலையிலிருந்து என்ஜின் குடித்ததெல்லாம் கேன் பெட்ரோல். டேங்க்கிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை.

டேங்க் குழாயை மாட்டி மறுபடி ஓடவிட்டார். ஆக்சிலேட்டரை மிதித்தபடி உட்கார்ந்திருந்தார். குழந்தை அம்மா மடியில் தூங்கிப்போனது. அதற்கும் வெகுநேரம் கழித்து என்ஜின் இருமியது. இன்னொரு தடவை இருமி, நின்றது.

வேலுமயில் இறங்கிப் பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது.

பழைய மூடி துருவேறிப் போனதால் லேத்தில் கொடுத்து அவரே பித்தளையில் செய்து வாங்கிய மூடி அது. மூச்சுத் துளை வைக்கச் சொல்ல மறந்திருந்தார். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லை. டேங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது.

மூடியில் துளை போட்டார். ஜெசிந்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, கல்லாறு தாண்டி பர்லியாறு வரைக்கும் ஏறித் திரும்பினார். வண்டி எங்கும் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் போஜன் குடும்பத்தோடு கிளம்பினார். வேலுமயிலின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

வேலுமயில் கை கழுவிக்கொண்டு வந்தார்.

“மூடிதான்னு முன்னாடியே தெரியுமாங்க மேஸ்திரி?”

“தெரியாது.”

“அவங்க நின்னு பாத்துட்டிருக்கறப்ப புதுச் சாமானையெல்லாம் கழட்டிப் பழசைப் போட்டீங்களே. அப்பவே வண்டி நின்னுட்டா என்ன பண்றதுன்னு பயமா இல்லீங்களா?”

ஜெசிந்தா ஸ்பேனரைத் துடைத்து ஆணியில் மாட்டினாள்.

“நின்னிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்ணா. ஓடுச்சு பாருங்க, அப்பத்தான் பயந்தேன்.”