ஒன்றாம் சீட்டு

வெண்மணற்பட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பெருக்கித் துடைப்பது பச்சையம்மாள் என்னும் அம்மையாரின் வேலை. விடிந்ததும் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசி வந்துவிடுவார். மருத்துவரின் நாற்காலியைத் துடைத்து, துவைத்த வெள்ளைக் கோட்டை அதன் முதுகில் மாட்டி, மேசையில் பேனாவை மூடி திறந்து வைப்பார். பிறகு அன்றைய நோயாளிச் சீட்டுகளில் ஒன்றாம் எண்ணை மட்டும் எடுத்துப் போய் எதிரே மருந்தீசர் கோயில் படியில் வைப்பார். மனிதருக்கு வரிசை இரண்டிலிருந்துதான் தொடங்கும். சாமிக்குச் சளியா காய்ச்சலா என்று கேட்டுச் சிரிக்காதவர் அந்த ஊரில் இல்லை. அம்மையாரும் கூடச் சிரித்துவிட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுப்பார்.

இத்தனை பணிவிடையும் காலி நாற்காலிக்கு. இருந்த மருத்துவர் மாற்றலாகி இரண்டு வருடம் ஓடிவிட்டது. வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி ஊர் நாலு மடங்கு பெருத்தது. நிலையத்தில் மட்டும் அதே இரண்டு கட்டில்கள், ஒரே செவிலியர் எஸ்தர். அவரும் வாரத்தில் மூன்று நாள் பக்கத்து ஊருக்குப் போயாக வேண்டும்.

அப்படி அவர் போயிருந்த ஒரு நாளில் மேலதிகாரி ஒருவர் பார்வையிட வந்தார். அம்மையார் பின்புறம் துணி அலசிக்கொண்டிருந்தார். அதிகாரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். பளிச்சென்ற நாற்காலி, சலவைக் கோட்டு, மேசையில் மூடி திறந்த பேனா. மருத்துவர் இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் என்று முடிவு கட்டி, குறையில்லை என எழுதிக்கொண்டு வண்டியேறிவிட்டார்.

புது மருத்துவர்களின் பட்டியல் வந்தபோது அந்த ஊர்ப் பெயரே அதில் இல்லை. அடுத்த பட்டியலுக்கு ஒரு வருடம் ஆகுமாம்.

"நீங்க அவ்வளவு சுத்தமா வெச்சிருந்தீங்க ஆயாம்மா. டாக்டர் இருக்கார்னு நெனச்சிட்டாங்க," என்றார் எஸ்தர். இனிமேல் தூசியோடு விட்டுவிடும்படியும் கேட்டுக்கொண்டார்.

மறுவாரம் கட்டட வேலைக்கு வந்திருந்த பெண்ணொருத்தி, காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்த எட்டு மாதக் குழந்தையோடு ஓடி வந்தாள். எஸ்தர் அன்றும் பக்கத்து ஊரில். ஆக்சிஜன் சிலிண்டர் காலி. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அம்மையார் தம் நீலப் புடவைத் தலைப்பைக் கிழித்து நனைத்துக் குழந்தையின் நெற்றியில் போட்டார். வேறென்ன செய்ய முடியும் அவரால்? வண்டி வந்தது. குழந்தை நகரம் போய்ச் சேரவில்லை.

மறுநாளும் அதே கிழிந்த புடவையில் வந்த அம்மையார் நாற்காலியைத் துடைக்கவில்லை. கோயில் படியில் சீட்டை மட்டும் வைத்து, "என் சுத்தமே அந்தப் புள்ளைய வாரிக்கிட்டுப் போயிடுச்சு சாமி," என்று அழுதார். மனம் ஆறவே இல்லை. திரும்பி வந்து தூசி படிந்த நாற்காலியைப் பார்த்தபோது, வரப்போகிறவர் உட்காரும் இடமாயிற்றே என்று பொறுக்க மாட்டாமல் துடைத்தும்விட்டார்.

அப்போது முதியவர் ஒருவர் ஒன்றாம் சீட்டுடன் வந்து நின்றார். உடம்பு அனலாய்க் கொதித்தது. படியில் கிடந்ததை எடுத்து வந்திருப்பார் என்று நினைத்த அம்மையார், மருத்துவர் இல்லையே என்று கைபிசைந்தார்.

"தெரியும்மா. நீ தினம் குடுத்த சீட்டுதான். மத்தவங்களோட நானும் காத்திருக்கேன்," என்றார் அவர்.

அம்மையார் மிச்சமிருந்த தலைப்பையும் கிழித்து நனைத்து அவர் நெற்றியில் போட்டார். முதியவர் நோயாளிகள் நடுவே பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். கதவைச் சாத்தும்போது அவரைக் காணவில்லை.

மாலைப் பூசைக்கு நடை திறந்த குருக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். மருந்தீசரின் லிங்கத் திருமேனி தொட முடியாதபடி சுட்டது. அதன் நெற்றியில் ஈரம் காயாத நீலப் புடவைத் துண்டு. பீடத்தில் ஒன்றாம் சீட்டு. அம்மையாரின் கிழிந்த தலைப்பைக் கண்டதும் குருக்கள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

நாற்காலி இன்றும் காலிதான். அம்மையார் இன்றும் துடைக்கிறார். மருந்து தரும் ஈசனே நோயாளியாய் வரிசையில் வந்திருக்க, அவன் நெற்றிக்கு ஈரத்துணி இட்ட அந்தக் கைகளைத் தொழுவோம்.