பிரிக்காத தையல்

மருதங்குளத்துக் காட்டில் மின்னி என்றொரு அணில் இருந்தது. அதற்குக் கதை நூல் என்றால் உயிர். அதிலும் இளசுகள் எழுதுகிற முதல் நூல் என்றால் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும். நிலவுக்குப் பறப்பது, காலத்தைத் திருப்புவது, மந்திரம் போட்டு மலையை நகர்த்துவது என்று ஏதாவது விந்தை அதில் இருந்துவிட்டால் போதும். "எனக்குக் குடு! எனக்குத்தான் முதல்ல!" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.

வாங்கிக்கொள்வதோடு சரி. கொட்டையைச் சேர்த்துவைக்கிற புத்தி எங்கே போகும்? எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தன் பொந்தில் அடுக்கிவிடும். "நாளைக்குப் படிப்போம்" என்று சொல்லிக்கொள்ளும். மறுநாள் இன்னொரு புது நூல் வரும். அதற்கும் ஓடும்.

அந்தக் காட்டில் தேக்கிலையில்தான் கதை எழுதுவார்கள். எழுதி முடித்ததும் தையல்சிட்டு வந்து இலைகளை அடுக்கி, ஈரமும் பூச்சியும் புகாதபடி நாரால் சுற்றிலும் தைத்துக் கொடுக்கும். படிக்கிறவர் ஒவ்வொரு தையலாகப் பல்லாலோ அலகாலோ பிரித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. மழைக்காலம் தொடங்கும் முன் சபை கூடும். எழுதியவர் சபைக்குக் கொண்டுவரச் சொன்ன ஒவ்வொரு முதல் நூலைப் பற்றியும் அதை முழுதாகப் படித்த ஒருவர் எழுந்து பேச வேண்டும். பேசிவிட்டால் அந்த நூலுக்குப் படிகள் எடுப்பார்கள். கொக்குகள் அவற்றைப் பக்கத்துக் காடுகளுக்குக் கொண்டுபோகும். சபைக்கு வந்தும் ஒருவரும் படித்திராத நூலுக்கு வேறு கதி. அன்று சூரியன் மறைந்ததும் அதைக் கரையான் புற்றில் வைத்துவிடுவார்கள்.

சபை கூடும் நாளும் வந்தது. காலையிலேயே நெய்தலி என்ற இளந்தவளை மரத்தடிக்கு வந்து நின்றது. நிலவுக்குப் போகும் கதை ஒன்றை எழுதி, அதைப் போன கோடையில் மின்னியின் கையில் கொடுத்திருந்தது அதுதான்.

"அக்கா! இன்னைக்கு என் நூலைப் பத்தி நீங்கதானே பேசுறீங்க?"

"நான் பேசாம வேற யாரு பேசுவாங்க! அற்புதமான நூலாச்சே!" என்றது மின்னி.

இதையேதான் அது கோடையிலும் சொல்லியிருந்தது. நூல் கைக்கு வந்த மறுநாளே, படித்தாயா என்று குட்டித் தவளை ஆசையோடு கேட்டபோது, இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "படிச்சேன், அற்புதம்!" என்று சொல்லிவிட்டது. அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் நெய்தலி இத்தனை நாளாகத் தூங்கி எழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த முடிவு..." என்று தொடங்கிய நெய்தலி பாதியில் நிறுத்திக்கொண்டது. "வேணாம். சபையிலயே கேக்குறேன். எனக்கு அந்த இடத்துலதான் பயமா இருக்கு."

அது தத்திக்கொண்டே போய்விட்டது.

மின்னி பொந்துக்குள் பாய்ந்து நூல்களைக் கிளறியது. பின்னோக்கி ஓடும் நதியைப் பற்றி ஒன்று, சிறகு முளைத்த மீன்களின் ராஜ்ஜியம் ஒன்று, மூலையோரமாக முள்ளன் என்ற முள்ளம்பன்றிக் குட்டி எழுதிய 'முள் இல்லாத உலகம்' ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே நெய்தலியின் நூல் கிடந்தது. மின்னி அதை இழுத்துப்போட்டு முதல் தையலில் பல்லை வைத்தது.

வைத்த பல்லை எடுத்துவிட்டது.

'நல்லா இல்லேன்னா? அந்தப் புள்ள முகத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? நல்லா இருந்துட்டா? இதையா இத்தனை நாள் அடியில போட்டு வெச்சிருந்தேன்னு ஆயிடுமே!'

நெஞ்சு படபடவென்று அடித்தது. மறுபடி பல்லை வைத்தது. மறுபடி எடுத்தது. கடைசியில், 'யாரையாவது கேட்டால் கதையைச் சொல்லிவிடமாட்டார்களா?' என்று ஒரு யோசனை தோன்றியது. உடனே மரத்தைவிட்டு இறங்கி ஓட்டம் பிடித்தது. இருக்கிற ஒரே படி தன் பொந்தில் கிடக்கும்போது மற்றவர்கள் எதைப் படித்திருப்பார்கள்? அது மின்னிக்குத் தோன்றவே இல்லை. பயம் வந்துவிட்டால் புத்தி மட்டும் வீட்டிலேயே தங்கிவிடும்.

முதலில் காக்கை அகப்பட்டது.

"காக்கையண்ணே! நெய்தலியோட நூல் எப்படி?"

"அதை ஏன் கேக்குற! அந்தத் தவளை வீரி நிலவுக்கு ஒரே தாவா தாவுறா பாரு, எனக்கு இறக்கையெல்லாம் சிலிர்த்துப்போச்சு!"

"அப்புறம் என்ன ஆகுது?"

"அப்புறமா..." காக்கை தலையைச் சாய்த்துக்கொண்டது. "அதைக் கீரிகிட்டக் கேளு. அவர்தான் எனக்குச் சொன்னாரு."

கீரியின் வளை குளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. மின்னி மூச்சிரைக்க அங்கே ஓடியது. கீரி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"தவளை எழுதினா நாயகி தவளையாத்தானே இருப்பா? பின்ன பாம்பாவா இருப்பா?" என்றது கீரி. "மூணு பாகம் வரும்னு நினைக்கிறேன். இப்ப இந்தப் பசங்க எல்லாம் மூணு பாகம்தானே எழுதுதுங்க!"

"அண்ணே, நீங்க அதைப் படிச்சீங்களா இல்லையா?"

"நான் எங்க படிச்சேன்? அற்புதமான நூல்னு ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சது நீதானே! உன் பேச்சை நம்பித்தான் நான் காக்கைகிட்டச் சொன்னேன்!"

மின்னிக்கு அப்போதுதான் புரிந்தது. தான் சொன்ன பொய்யே ஊரைச் சுற்றிவிட்டுத் தன்னிடம் திரும்பி வந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்தது. சூரியன் உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருந்தது. அலைந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தால் நூலையே முடித்திருக்கலாம். இதை அதற்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மருத மரத்தடியில் சபை கூடியது. கொம்பையா என்ற எருமைதான் தலைவர். பாதி உடம்பைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே சபையை நடத்துவது அதன் வழக்கம். மின்னி எடுத்துவந்த நெய்தலியின் நூலைப் பாறைமேல் வைத்திருந்தார்கள். நெய்தலி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. அதன் தொண்டை ஏறி ஏறி இறங்கியது.

"மின்னி! பேசு!" என்றது எருமை.

மின்னி எழுந்தது. "சபையோரே! நான் படிச்ச முதல் நூல்கள்ல இதுக்கு ஈடு இல்ல! நிலவுக்குத் தாவுற அந்தத் தவளை வீரி இருக்காளே, அவ தைரியம் யாருக்கு வரும்? அடுத்த பாகம் எப்ப வரும்னு ஏங்கிட்டிருக்கேன்!"

காக்கை கரகோஷம் செய்தது. கீரியும் தலையை ஆட்டியது. நெய்தலி மட்டும் அசையவில்லை. அதன் கண்கள் இன்னும் பெரிதாயின.

"இது ஒரே பாகம்தான் அக்கா" என்று மெல்லச் சொன்னது. பிறகு, ஒருவேளை தான்தான் தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று எண்ணியதுபோல, "அக்கா, முடிவுல அந்த அணிலு தனியாத் திரும்பி வர்றது சரியா இருக்கா?" என்று கேட்டது.

"எந்த அணிலு?"

கேட்ட பிறகுதான் மின்னி நாக்கைக் கடித்துக்கொண்டது. தையல்சிட்டு பறந்துபோய்ப் பாறைமேல் உட்கார்ந்து நூலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"தலைவரே! நான் போட்ட தையல் ஒண்ணுகூடப் பிரியல! இதை யாரும் தொறந்தே பாக்கல!"

குட்டு வெளிப்பட்டுவிட்டது. எருமை பெருமூச்சு விட்டது. "படிக்காத நூலுக்கு என்ன விதின்னு எல்லாருக்கும் தெரியும். சூரியன் மறைஞ்சதும் புத்துக்குக் கொண்டுபோங்க."

நெய்தலி அழவில்லை. நூலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மின்னிக்கு நெஞ்சு பதறியது. காலையிலிருந்து தன் மானத்துக்காகப் பயந்துகொண்டிருந்தது. இப்போது அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை. வேறொரு பயம், அதைவிடப் பெரிய பயம், வந்து உட்கார்ந்துகொண்டது. நெய்தலியின் ஒரு வருஷ உழைப்பைக் கரையானுக்குக் கொடுக்கப்போவது தான் அல்லவா!

ஒரே பாய்ச்சலில் பாறைமேல் ஏறி நூலைக் கட்டிக்கொண்டது.

"தலைவரே! நான் படிக்கல! பொய் சொன்னேன்! கோடையிலயும் சொன்னேன், இப்பவும் சொன்னேன்! எனக்கு என்ன தண்டனை வேணா குடுங்க. ஆனா சூரியன் இன்னும் மறையல! இங்கயே, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படிக்கிறேன்!"

எருமை மேற்கே பார்த்தது. சூரியன் பனைமரத் தலைக்கு வந்திருந்தது.

"படி. ஆனா ஒரு இலை மிச்சம் இருந்தாலும் புத்துதான்!"

மின்னி நறுக்கென்று முதல் தையலைக் கடித்தது. படிக்கத் தொடங்கியது.

உலகத்துத் தண்ணீரெல்லாம் வற்றிக்கொண்டிருந்த காலத்துக் கதை அது. நிலவில் ஒரு குளம் இருக்கிறதாம். அங்கிருந்து ஊற்றுநீர் ஒரு துளி கொண்டுவந்தால் போதுமாம். போகிறேன் என்று சொன்னது யானையும் இல்லை, புலியும் இல்லை. எதைக் கண்டாலும் நெஞ்சு படபடக்கிற ஒரு சின்ன அணில். அது தாமரைக் காயில் ஓடம் செய்துகொண்டு புறப்பட்டது. 'அவள் பயப்படாமல் போகவில்லை. பயந்துகொண்டே போனாள்' என்று எழுதியிருந்தது.

இலை இலையாகத் தையல் பிரிந்தது. காக்கை கத்த மறந்தது. எருமை வால் வீச மறந்து ஈ மொய்க்க நின்றது. சூரியன் பனைமரத்துக்குக் கீழே இறங்கியது. மின்னி ஒரு கண்ணால் இலையையும் ஒரு கண்ணால் மேற்கையும் பார்த்துக்கொண்டே படித்தது.

நடுவில் ஓர் இலையில் அதன் குரல் தடுக்கியது.

'அந்த அணிலுக்குக் கதை என்றால் உயிர். தினமும் குளக்கரையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். தண்ணீருக்குள் ஒரு தலைப்பிரட்டை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.'

மின்னிக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. பொந்து நிறைவதற்கு முன்னால், கையில் ஒரே ஒரு நூல் இருந்த காலத்தில், அது அப்படித்தான் குளக்கரையில் உட்கார்ந்து படிக்கும். நெய்தலியை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. அழவும் நேரமில்லை. கண்ணை வாலால் துடைத்துக்கொண்டு அடுத்த தையலைக் கடித்தது.

கடைசி இலையின் கடைசி வரியை அது முடித்தபோது, சூரியனில் ஒரு கீற்று மட்டும் மிச்சம் இருந்தது.

"படிச்சாச்சு!" என்றது எருமை. "புத்து வேணாம். சிட்டே, நாளையிலிருந்து படி எடு!"

எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். நெய்தலி மட்டும் பாறையருகே வந்தது. "அக்கா, இப்பச் சொல்லுங்க. முடிவு சரியா இருக்கா?"

அற்புதம் என்ற சொல் மின்னியின் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டது. இந்த முறை உண்மையைச் சொல்லத்தான் பயமாக இருந்தது. பயந்துகொண்டே சொன்னது.

"அணிலு திரும்பி வந்தது சரிதான். ஆனா நிலவுல அவளுக்கு ஓடம் தள்ளிவிட்ட அந்த நண்டு இருக்கே, அவளுக்காகக் கரையிலயே காத்துட்டு நிக்குதே. ஊருக்கு வந்த பிறகு அவ அதை ஒரு தடவைகூட நினைக்கலையே. அது எனக்கு உறுத்துது."

"அதான்! அதேதான்!" நெய்தலி எகிறிக் குதித்தது. "ஏதோ இடிக்குதுன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியாமத் தவிச்சிட்டிருந்தேன்! படி எடுக்குறதுக்குள்ள மாத்தி எழுதிடுறேன்!"

அது துள்ளிக்கொண்டு போனது. மின்னிக்குத் தான் சொன்ன சொல்லே தன்னைச் சுட்டது. காத்துக்கொண்டு நிற்பது அந்த நண்டு மட்டுமா?

மறுநாள் விடிந்ததும் பொந்தைக் காலி செய்தது. ஒவ்வொரு நூலையும் படிக்க விரும்பியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தது. இனிமேல் ஒரு நூலைப் படித்து முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது என்று சபையும் தீர்ப்புச் சொல்லியிருந்தது. எல்லாம் தீர்ந்த பிறகு மூலையில் முள்ளனின் நூல் மட்டும் மிஞ்சியது. அது எல்லாவற்றிலும் பழையது. பொந்தின் கசிவில் நனைந்து, தையல் இற்று, இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரிக்கப் பிரிக்கக் கையோடு வந்தன.

முள்ளன் ஒருகாலத்தில் வாரம் தவறாமல் வந்து, "படிச்சீங்களாக்கா?" என்று கேட்கும்; "அற்புதமான நூலாச்சே, நாளைக்குப் படிச்சிடுறேன்!" என்ற பதிலோடு திரும்பிப் போகும். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டது. சபைக்குக்கூட நூலைக் கொண்டுவரச் சொல்லவில்லை. மின்னியும் தொல்லை விட்டது என்று இருந்துவிட்டது.

இப்போது அந்த நூலை எடுத்துக்கொண்டு முள்ளனைத் தேடிப் போனது. முள்ளன் வளர்ந்து பெரிதாகிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, தப்புப் பண்ணிட்டேன். உன் நூலு நனைஞ்சு வீணாப்போச்சு. மறுபடியும் எழுதித் தருவியா? அன்னைக்கே உக்காந்து படிச்சிடுறேன்!"

முள்ளன் ஒட்டிப்போன இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. கோபம் எதுவும் காட்டவில்லை.

"எழுதலாம்தான்" என்றது. "ஆனா அந்தக் கதை எனக்கு இப்ப ஞாபகம் இல்லக்கா."

முழுதும் படித்துவிட்டுச் சொல்லும் குறையை முதல் நூல் தாங்கும். படிக்காமல் சொல்லும் பாராட்டு அதைக் கொன்றுவிடும்.