ஒன்பது வரை

அன்று காலை மடத்தில் ஐந்து பேர் இருந்தோம்.

மடத்தை நடத்தும் வடிவம்மை. கஞ்சி காய்ச்சும் பொற்கொடி. வேன் ஓட்டும் நயினார். எபநேசரின் மனைவி ஞானசெல்வம். தம்ளர் கழுவி அடுக்கும் நான்.

எபநேசர் இல்லை. நயினாரின் வேன் மோதி அவர் இறந்து பதினாறு நாள் ஆகியிருந்தது.

மடம் உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. சாலை நேர் கிழக்கே போகும். தினமும் விடிந்ததும் சைக்கிளில் முப்பத்தொன்பது பேர் போவார்கள். கஞ்சி குடித்துவிட்டுப் போவார்கள்.

அன்று போனவர்கள் முப்பத்தேழு. முப்பத்தெட்டாவது ஆளான ஞானசெல்வம் அடுப்போரம் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தாள். அன்றுதான் அவள் திரும்ப வேலைக்குக் கிளம்பியிருந்தாள்.

நயினாருக்கு வயது ஐம்பத்தெட்டு. வடிவம்மைக்கு நாற்பத்தொன்று. ஆனாலும் பதினோரு வருடமாக வடிவம்மைதான் நயினாருக்குக் குரு.

முந்தின நாள் சாயங்காலம் ஜாமீனில் வந்தவர், விடிந்ததும் மடத்துக்கு வந்துவிட்டார். வாசலில் செருப்பை விட்டார். உட்காரவில்லை.

"அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தப்பு எம்மேலயா, சூரியன் மேலயா?"



பொற்கொடி முந்திக்கொண்டாள். "சூரியன் மேல கேஸ் போடப் போறியளா அண்ணாச்சி? சாட்சிக்குச் சந்திரனைக் கூட்டிட்டு வாங்க."

"நீ சும்மா கெட பிள்ள. கண்ணைக் கூசுனது எனக்குத்தான் தெரியும்."

"வேன் கண்ணாடியில உப்பு பூத்துக் கெடந்துச்சே. அதை யாரு துடைப்பா? சூரியனா?"

"துடைக்கணும்னுதான் இருந்தேன்."

அப்போதுதான் அவர் அடுப்போரம் பார்த்தார்.

ஞானசெல்வம் தம்ளரைக் கீழே வைத்தாள். பாதிக் கஞ்சி இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க சொன்னதை ஸ்டேஷன்ல எனக்கு வாசிச்சுக் காட்டுனாவ. சைக்கிள் திடீர்னு குறுக்கே வந்துச்சுன்னு அதுல இருக்கு."

நயினார் தலை குனிந்தார்.

"அவுக இருபத்தாறு வருசமா இந்த ரோட்டுல போனாவ. ரோட்டோர வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கமாத்தான் மிதிப்பாவ. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தாக்கூட மணி அடிச்சுத் திட்டுவாவ."

தூக்குச்சட்டியை எடுத்து மூடியை அழுத்தினாள்.

"அப்பா ஏம்மா குறுக்கே போனாவன்னு சின்னவ தினமும் கேக்கா. நான் என்ன சொல்ல? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். குறுக்கே வந்தாவளா, வரலையா?"

"கண்ணு கூசிச்சு தாயி. அடுத்த நொடி சத்தம் கேட்டுச்சு. குறுக்கே வராம எப்படி..."

"எத்தனை நேரம் கண்ணு தெரியல?" என்று கேட்டார் வடிவம்மை.

"ஒரு நொடிம்மா."

வடிவம்மை என் பக்கம் திரும்பினார். "மணி என்ன?"

"ஆறு ஐம்பத்திரண்டு."

"அன்னைக்குச் சத்தம் கேட்டப்ப?"

"ஆறு ஐம்பத்து மூன்று."

வடிவம்மை எழுந்தார். "ரோட்டுக்கு வாங்க."

மடத்துக்கு மேற்கே வேப்பமரங்கள் உண்டு. மொத்தம் பதினான்கு. கடைசி மரம் வரை சாலையில் நிழல். அதைத் தாண்டினால் வெயில் நேரே முகத்தில் விழும். நூற்றைம்பது கஜத்துக்கு அப்பால் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி. அதன் சுவர் உயரம். அங்கே மறுபடி நிழல்.

கடைசி மரத்தைத் தாண்டி வடிவம்மை நயினாரை நிறுத்தினார்.

"பொற்கொடி, சைக்கிளை எடு."

"நான் போறேன்," என்றாள் ஞானசெல்வம். "எனக்கு அந்தப் பக்கந்தான வேலை."

தூக்குச்சட்டியை ஹேண்டில்பாரில் மாட்டினாள். வெள்ளைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி ஏறினாள். கிழக்கே மிதித்தாள்.

"எண்ணுங்க," என்றார் வடிவம்மை.

நயினார் அவரைப் பார்த்தார். "எதுக்கும்மா?"

"எண்ணுங்க அண்ணாச்சி."

"ஒண்ணு. ரெண்டு."

மூன்று சொல்லும்போது பின்சக்கரம் தெரியவில்லை. ஐந்துக்கு ஞானசெல்வமே தெரியவில்லை. நயினார் நெற்றியில் கையை வைத்து மறைத்துப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது. தூக்குச்சட்டி ஆடும் சத்தம் கேட்டது.

"ஆறு."

"ஆள் எங்கே?" என்று கேட்டார் வடிவம்மை.

"தெரியலம்மா. ஏழு."

"கீழே பாருங்க."

நயினார் குனிந்து பார்த்தார்.

ஞானசெல்வத்தின் நிழல் சாலை நெடுகக் கிடந்தது. முப்பது தப்படி நீளம் இருக்கும். தலை நிழல் நயினாரின் கால் விரலில் இருந்தது.

"எட்டு."

நிழல் விரலை விட்டு மெல்ல நகர்ந்தது.

"ஒன்பது," என்றார்.

பிறகு எண்ணவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். அவர் வாய் திறந்திருந்தது. பத்து வரவில்லை.

"ஏன் நிறுத்திட்டிய?"

"அன்னைக்கும் ஒன்பதுலதாம்மா சத்தம் கேட்டுச்சு."

"ஒரு நொடின்னு சொன்னிய."

"ஒன்பது."

"எதுக்கு எண்ணுனிய?"

நயினார் மடத்துச் சுவரைக் காட்டினார். வாசலுக்கு வலப்பக்கம் காவிக்கட்டியால் எழுதியிருக்கும். *பதறினால் பன்னிரண்டு எண்ணு.* எழுதியது வடிவம்மைதான். வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் சொல்வது அதுதான். நயினாருக்கும் முதல் நாள் அதைத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நயினார் ஒருவரையும் கைநீட்டி அடித்ததில்லை.

"நீங்க சொன்னதுதாம்மா. மரம் முடிஞ்சதும் கண்ணு போயிருச்சு. ஒண்ணுமே தெரியல. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. எண்ண ஆரம்பிச்சேன். நாலு எண்ணும்போதே படபடப்பு அடங்கிருச்சு."

"கால்?"

"ஆக்ஸிலேட்டர்லயே இருந்துச்சு."

வடிவம்மை சாலையிலேயே உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு எழுந்து உள்ளே போனார். கை கழுவ வைத்திருந்த வாளியோடு வந்தார். முந்தானையை நனைத்துச் சுவரைத் துடைத்தார். காவி லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டினார்.

"அம்மா, நீங்க என்ன செய்விய," என்றாள் பொற்கொடி. "விடுங்க."

அவர் விடவில்லை.

தூக்குச்சட்டி சத்தம் திரும்பி வந்தது. ஞானசெல்வம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பத்தடி தூரத்துக்கு வந்தபிறகுதான் முகம் தெரிந்தது.

நயினார் அவள் முன்னால் போய் நின்றார்.

"குறுக்கே வரலை தாயி."

அவள் சைக்கிளை நிறுத்தினாள்.

"கோட்டுக்கு அந்தப் பக்கமாத்தான் போயிருக்கார். வண்டிதான் கோட்டைத் தாண்டிருச்சு. நிழல் ஒண்ணு வண்டிக்கு முன்னால நீளமாக் கெடந்துச்சு. பாத்தேன். ஆள் தெரியல, அதனால ஆள் இல்லன்னு நெனச்சுட்டேன். இன்னைக்கே ஸ்டேஷன்ல போய் மாத்திச் சொல்லிருதேன்."

"சொல்லுங்க," என்றாள்.

சைக்கிளைத் திருப்பினாள். ஏறவில்லை.

"பன்னிரண்டும் எண்ணியிருந்தா வண்டி எங்க போயிருக்கும் அண்ணாச்சி?"

"கிட்டங்கிக்கு. அங்க நிழல். அங்க கண்ணு தெரிஞ்சிருக்கும்."

"அவுகளும் அங்கதான் போய்க்கிட்டு இருந்தாவ."

"ஆமா தாயி."

"அன்னைக்கு இன்னும் எத்தனை எண்ண வேண்டியிருந்துச்சு?"

நயினார் விரலை மடக்கிப் பார்த்தார். அதற்குத் தேவையே இல்லை.

"மூணு."