முன் ஷாஃப்டுக்கு அஞ்சேகால் சுற்று

அன்று பட்டறையில் நான்கு பேர் இருந்தோம். மெக்கானிக் சிக்கந்தர் பாய். ஜீப்புக்காரர் சன்னாசி. அவருடைய தம்பி ஒச்சப்பன். மலைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அரிசியோடு ஜீப்புக்காகக் காத்திருந்த நான்.

சன்னாசி, பாயைவிட வயதில் மூத்தவர். ஆனால் வேலை பழகியது பாயிடம்தான்.

பழைய ஜீப்பில் சன்னாசி ஒரு வேனின் டீசல் எஞ்சினைத் தன் கையாலேயே பொருத்தியிருந்தார். எஞ்சினுக்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று அதே வேனின் பின் ஆக்சிலையும் மாட்டியிருந்தார். சமதரையில் ஜீப் பறந்தது. மலைச் சாலையில் முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்தால் முனகிக்கொண்டு நின்றது.

தம்பிக்கு முன்சக்கர இழுவைக்கான லிவரைப் போடத் தெரியவில்லை என்றார் அண்ணன். அண்ணனுக்கு எஞ்சின் பார்த்து வாங்கத் தெரியவில்லை என்றான் தம்பி. வந்ததிலிருந்து இதே பேச்சு.

“எஞ்சினை இறக்கிருங்க பாய். வண்டியை வித்துட்டு ஆளுக்கொரு பக்கம் போறோம்,” என்றார் சன்னாசி.

பாய் வண்டிக்குள் ஏறினார். கியரை நியூட்ரலில் விட்டார். ஜீப்பின் வலது பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டார்.

அண்ணனை, எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பின் ஷாஃப்ட் தண்டின் கீழே படுக்கச் சொன்னார். தம்பியை முன் ஷாஃப்டின் கீழே. ஷாஃப்டைக் கையால் திருப்ப வேண்டும். சக்கரம் இரண்டு சுற்று வருவதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ண வேண்டும்.

“நாலு,” என்றார் சன்னாசி.

“அஞ்சேகால்,” என்றான் ஒச்சப்பன்.

“ஒழுங்கா எண்ணுடா.”

“எனக்கு எண்ணச் சொல்லிக் குடுத்ததே நீதானண்ணே.”

பாய் குனிந்து இருவருக்கும் விரலைச் சுழற்றிக் காட்டினார். இடம் மாறிப் படுத்தார்கள்.

தம்பி பின்னாலிருந்து நாலு என்றான்.

முன்னால் ஷாஃப்ட் திரும்பும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி முதலிலிருந்து கேட்டது.

“அஞ்சேகால்,” என்றார் சன்னாசி.

“லிவர் போட்டா ரெண்டு ஷாஃப்டும் ஒண்ணாச் சுத்தும், பின்சக்கரம் முன்சக்கரத்தை முந்தப் பாக்கும். ரெண்டும் ஒரே ரோட்டுலதானண்ணே போகணும்,” என்றார் பாய்.

“லிவர் போட்டுச் சேத்துல போச்சே பாய்?” என்றார் சன்னாசி.

“சேறு வழுக்கும். முன்னும் பின்னும் மல்லுக்கட்டுறது அங்க தெரியாது.”

சன்னாசி வெளியே வரவில்லை. படுத்தபடியே கேட்டார்.

“ஜீப்போட பழைய ஆக்சிலையே மாட்டிட்டா? எஞ்சின் இருக்கட்டும். வேகம்தான் குறையும்.”

“குறையும்.”

“மலை?”

“ஏறும்.”

பழைய ஆக்சில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்தது. தம்பி போய் எடுத்து வந்தான். அண்ணன் பூட்டினார். தம்பி போல்ட் நட்டுகளை எடுத்துக் கொடுத்தான். யார் மேல் தப்பு என்று யாரும் பேசவில்லை.

மறுநாள் மதியம் பட்டறைக்கு எதிரே உள்ள மேட்டில் ஏற்றிப் பார்த்தார்கள். நான்கு சக்கரமும் பிடித்தன. முனகல் இல்லை.

மலைக்குப் போக வேண்டியது பதினாறு மூட்டை. பத்து ஏற்றியதும் சன்னாசி போதும் என்றார். பிறகு சாவியைத் தம்பியிடம் நீட்டினார்.

“நீ ஓட்டு. லிவர் எந்த இடத்துல போடுறேன்னு நான் பாத்துக்கறேன்.”

“திட்டுறதுக்கா?”

“படிக்கிறதுக்கு.”

ஜீப் முதல் வளைவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். மிச்ச மூட்டைக்கு யார் வருவார்கள் என்று பாயிடம் கேட்டேன்.

“ரெண்டு பேரும்தான்,” என்றார்.

மீதி ஆறு மூட்டையோடு நான் காத்திருந்தேன்.