ஐந்தாவது மெஷின் சொன்னது

“அந்த ஸ்கிரிப்ட்ல ஏதோ சூது இருக்கு மேடம்” என்றார் தாணுமாலயன்.

மெஹருன்னிசா கொய்யாப்பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன சூது?”

“நான் கையால போட்டா எட்டு ஊர்லயும் ஏறுது. அந்தப் புள்ள எழுதினத ஓட விட்டா அம்பாசமுத்திரத்துல போய் நிக்கி. மூணு வாரமா அதே ஊரு.”

எட்டு ஊர் என்றால், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் எட்டுக் கிளைகள். கிளைக்கு ஒரு சர்வர். தலைமை அலுவலகம் பாளையங்கோட்டையில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் இருந்தது. வியாழக்கிழமை மதியமானால் தாணுமாலயன் அங்கே இருந்தபடியே எட்டு சர்வருக்குள்ளும் வரிசையாக நுழைந்து, மென்பொருளின் புதிய பதிப்பை ஏற்றுவார். ஒரு சர்வருக்குப் பதினோரு கட்டளை. ஒன்பது வருடமாக அவர் கைதான் இதைச் செய்தது.

ஜெசிந்தா வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். எல்லாவற்றையும் ஒரு சின்னக் கோப்பில் எழுதினாள். மேலே எட்டு ஊர்ப் பெயர், கீழே பதினோரு கட்டளை. ஒரு பட்டனைத் தட்டினால் ஸ்கிரிப்ட் தானே ஒவ்வோர் ஊராகப் போய் வேலையை முடித்துவிட்டு வரும். இரண்டு மணி நேர வேலை நாலு நிமிடத்தில் முடிய வேண்டும்.

நன்றி சொல்லியிருக்கலாம். தாணுமாலயனுக்குச் சந்தேகம்தான் வந்தது.

அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். டீ குடிக்கப் போகும்போது மேசை டிராயரைப் பூட்டி மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பாஸ்வேர்ட் அடிக்கும்போது முதுகை வளைத்து கீபோர்டை மறைத்துக்கொள்வார், அறையில் ஆளே இல்லாவிட்டாலும். இந்தத் தொழிலுக்கு அது நல்ல குணம். ஒன்பது வருடத்தில் வெளியாள் ஒருவன்கூட அந்த சர்வர்களுக்குள் நுழைந்ததில்லை.

மெஹருன்னிசா அங்கே மேலாளர். ஆனால் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் குரு என்பார்கள். தாடியைத் தேட வேண்டாம். மேலப்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர், தாணுமாலயனைவிடப் பதினைந்து வயது சின்னவர். கேள்வி கேட்டால் பதில் சொல்லமாட்டார். அதனால் வந்த பெயர் அது.

தாணுமாலயன் இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார்.

ஒன்று ஜெசிந்தாவை நிரந்தரமாக்கும் படிவம். அதில் தாணுமாலயன் இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் நாளை முதல் அவளுக்கு வேலை இல்லை. நாலு பேர் இருக்கிற வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

இன்னொன்று அவர் கைப்பட எழுதிய புகார். ‘திட்டமிட்டு’ என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வந்தது.

மெஹருன்னிசா புகாரைப் படித்தார். மடித்துக் கொய்யாத் தட்டுக்கு அடியில் வைத்தார்.

“ஸ்கிரிப்ட வாசிச்சியளா?”

“பிரிண்ட் எடுத்து வரி வரியா வாசிச்சேன். மூணு தடவ.”

“என்ன இருந்துச்சு?”

“தப்பா ஒண்ணுமே இல்ல மேடம். அதான் சந்தேகமா இருக்கு.”

“எதுக்கு அந்தப் புள்ள அப்படிச் செய்யணும்?”

“அவளே நிப்பாட்டி வச்சிட்டு அவளே சரி பண்ணிக் காட்டுவா. நல்ல பேரு வாங்குததுக்கு. இல்லன்னா என்னை ஒண்ணும் தெரியாதவன் ஆக்குததுக்கு.”

“வேற யார் மேல சந்தேகம்?”

அவர் யோசிக்கவே இல்லை. “நெட் கனெக்ஷன் குடுக்கவன். அம்பாசமுத்திரத்துல ரிசப்ஷன்ல இருக்க பையன், எப்பவும் வயரக் காலால எத்துவான். பழைய மெஷின மாத்திக் குடுத்த ஆளு.”

“ஒரு ஆள் விட்டுப்போச்சே.”

“யாரு?”

மெஹருன்னிசா ஒரு துண்டு கொய்யாவை அவர் பக்கம் நீட்டினார்.

தாணுமாலயன் வாங்கவில்லை. விட்டுப்போன ஆள் இந்த அம்மாவாகவே இருக்குமோ என்று அவருக்குத் தோன்றிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்துதான் இதைச் செய்கிறார்களோ? போன வாரம் கேன்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னைக்கு வியாழக்கிழமை” என்றார் மெஹருன்னிசா. “ஸ்கிரிப்ட் வேண்டாம். கையாலயே போடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்.”

“சரி மேடம்.”

“நீங்க அடிக்கிறத வாய்விட்டுச் சொல்லணும். மெஷின் பதில் சொன்னா அதையும் வாசிக்கணும். ஜெசிந்தா எழுதிக்கிடுவா.”

“அவ எதுக்கு?”

“எழுத ஒரு ஆள் வேணும்லா?”

ஜெசிந்தா ஒரு நோட்டோடு வந்தாள். இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். அந்த சர்வர்களுக்குள் நுழைய அவளுக்கு அனுமதி கிடையாது. ஸ்கிரிப்டை எழுதியது அவள், மூன்று வாரமும் அதை ஓட்டியது தாணுமாலயன். எங்கே நிற்கிறது, திரையில் என்ன வருகிறது என்று அவள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள். அவர் காட்டவில்லை.

முதல் ஊர் சங்கரன்கோவில். தாணுமாலயன் முதுகை வளைத்தார், பாஸ்வேர்ட் அடித்தார், நிமிர்ந்தார்.

“ஒண்ணு. சர்வீஸ நிறுத்துதேன். ரெண்டு. பழைய பதிப்ப ஓரமா நகத்துதேன். மூணு. பேக்கப்.”

“மூணாவது எதுக்கு?” என்றார் மெஹருன்னிசா. அவருக்குத் தெரியாமல் இல்லை.

“ஆளுங்களோட ரிசல்ட்ட எல்லாம் தனி டிஸ்க்ல காப்பி எடுத்து வைக்கும் மேடம். புதுசு ஏறும்போது ஏதாவது கோளாறாயி இருக்கது அழிஞ்சாலும் அதுல இருந்து எடுத்துக்கிடலாம்.”

“மெஷின் என்ன சொல்லுது?”

“ஒண்ணும் சொல்லாது. காரியம் சரியா நடந்தா அது பேசாது. பேசினாத்தான் தப்பு.”

ஜெசிந்தா அதையும் எழுதிக்கொண்டாள்.

சங்கரன்கோவில் பேசவில்லை. கோவில்பட்டி பேசவில்லை. தென்காசியும் கடையநல்லூரும் பேசவில்லை. மூன்றாவது ஊரிலிருந்து தாணுமாலயனுக்கு வேகம் வந்துவிட்டது. கட்டளையைச் சொல்லி முடிப்பதற்குள் விரல் அடுத்ததற்குப் போய்விடும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

ஐந்தாவது, அம்பாசமுத்திரம்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு, புதுப் பதிப்ப...”

ஜெசிந்தாவின் பேனா நின்றது.

“அண்ணாச்சி” என்றார் மெஹருன்னிசா. “மூணாவதுக்கு ஒரு வரி வந்துச்சே.”

“எது? அதுவா? அது எப்பவும் வரும் மேடம்.”

“எப்பவும்னா?”

“மெஷின் மாத்தினதுல இருந்து. நாலு வருசம் இருக்கும். இந்த மெஷினுக்கு மட்டும் அது ஒரு வழக்கம். ஸ்கிரிப்ட்லயும் இதே வரிதான் சிவப்பா வருது. இத ஒரு சாக்கா வச்சிக்கிட்டு நிக்கி.”

“வாசிங்க.”

“அது சும்மா மேடம்.”

“வாசிங்க அண்ணாச்சி.”

தாணுமாலயன் திரையை மேலே தள்ளினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

“அப்படி ஒரு ஃபோல்டரே இல்லைங்குது.”

“எந்த ஃபோல்டர்?”

அவர் மறுபடியும் வாசித்தார். இந்தத் தடவை மெதுவாக, மனதுக்குள். உதடு மட்டும் அசைந்தது.

பேக்கப் ஃபோல்டர்.

மெஷினை மாற்றிய அன்று அந்த ஃபோல்டரை யாரும் புதிதாகப் போடவில்லை. போட வேண்டிய ஆள் தாணுமாலயன்தான்.

“பேக்கப்ல அம்பாசமுத்திரம் கடைசியா என்னைக்கு இருக்கு?”

அவர் தேடிப் பார்த்தார். ஒரு தேதி வந்தது. நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை.

கீழே பல் டாக்டரின் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

நாலு வருடத்தில் அந்த ஊரில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன அத்தனை பேருடைய சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் ஒரே ஒரு டிஸ்க்கில் இருந்தன. நகல் இல்லை. ஏதாவது ஒரு வியாழக்கிழமை புதுப் பதிப்பு தகராறு செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும். இருநூறு வியாழக்கிழமை அந்த மெஷின் அதையே சொன்னது. இருநூறு தடவையும் அவர் அதைக் கண்ணால் பார்த்தார்.

அப்போதும் சந்தேகம் அவரை விடவில்லை. ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார்.

“அம்பாசமுத்திரத்துல வந்து நிக்கும்னு உனக்கு முன்னாலயே தெரியுமா?”

“தெரியாது சார்.”

“பெறவு எப்படி நின்னுச்சு?”

“எந்த ஊர்னு நான் பாக்கல சார். எங்க தப்பு வந்தாலும் நின்னுரணும்னு ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான்.”

“நான் நிக்கலையே” என்றார் தாணுமாலயன்.

யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

அவர் கீபோர்டுக்குத் திரும்பி அந்த ஃபோல்டரைப் போட்டார். மூன்றாவது கட்டளையை மறுபடியும் அடித்தார். முதுகை வளைக்க மறந்துவிட்டார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு வருட நகல் எடுக்க நேரம் பிடித்தது.

மெஷின் பேசவில்லை.

தாணுமாலயன் எழுந்து மெஹருன்னிசாவின் மேசைக்குப் போனார். தட்டுக்கு அடியிலிருந்து புகாரை உருவினார். அதில் கொய்யாச் சாறு இறங்கியிருந்தது. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

பிறகு படிவத்தை எடுத்தார். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கத்தைப் புரட்டித் தள்ளிவிட்டுக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். ஜெசிந்தாவைப் பார்க்காமல் பேனாவைத் திறந்தார்.

மெஹருன்னிசா படிவத்தின்மேல் கையை வைத்தார்.

“வாசிச்சிட்டுப் போடுங்க அண்ணாச்சி.”